தாரில்லாத் தார்ச்சாலை

கெடா மாநிலத்தின் தென்பகுதியிலே கூலிம் என்னும் ஊர் உளது. முன்னாளில் ஈயச் சுரங்கங்களாலும் பின்னாளில் ரப்பர்த் தோட்டங்களாலும் பெயர் பெற்ற அவ்வூரின் அருகே, 1996-ஆம் ஆண்டில் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பெற்றது. மலேசியாவில் இவ்வகைப் பூங்காக்களுள் முதலாவது இதுவேயாகும். மயிரிழையினும் நுண்ணிய கோடுகளையுடைய மின்னணுச் சில்லுகள் அங்கே செய்யப்படுகின்றன. அப்பூங்காவினுள் ஓடும் அகன்ற கரிய சாலைகளைக் காண்போர், "என்ன அருமையான தார் ரோடு!" என்று வியப்பர். பாடாங் செராயிலிருந்தும் லூனாசிலிருந்தும் அங்கே வேலைக்குச் செல்லும் நம் இளைஞரும் அங்ஙனமே கூறுவர். ஆனால் உண்மை யாதெனில், அச்சாலைகளில் தார் என்னும் பொருளே இல்லை.

தாரில்லாமல் தார்ச்சாலை உண்டோ என்று அன்பர்கள் வினவலாம். உண்டு. பெயர் நின்றுவிட்டது, பொருள் மாறிவிட்டது. பெயரைப் பற்றிக்கொண்டு பொருளை ஆராயாது விடும் வழக்கம் நம்மவரிடத்தே நெடுங்காலமாக இருந்துவருவது. சாதியின் பெயரிலும் சடங்கின் பெயரிலும் அவ்வழக்கத்தால் விளைந்த கேடுகளை நம்மவர் ஒருவாறு உணரத் தொடங்கியுள்ளனர். சாலையில் கிடக்கும் கரிய பொருளின் பெயரில் என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று எண்ணுதல் வேண்டா. கேடு வந்தது. அதனைக் கையாலும் மூச்சாலும் தாங்கியவர் நம் பாட்டன்மாரே. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பொருள், ஒரு பெயர்

வாழைத்தார் என்பதிலும், மலர்த்தார் என்பதிலும் உள்ள தார் நம் சொல். சாலைத் தார் என்பதிலுள்ள தாரோ ஆங்கிலச் சொல். மரக்கலங்களுக்குப் பூசும் கரிய பிசினுக்குக் கீல் என்னும் பெயர் தமிழில் உண்டு. அச்சொல் கைவசம் இருக்கவும், வெள்ளைக்கார எஞ்சினீயரின் வாயிலிருந்து விழுந்த சொல்லையே நாம் பொறுக்கிக்கொண்டோம். மலாய் மக்களும் அதனையே எடுத்து 'ஜாலான் தார்' என்றனர். பிறமொழிச் சொல்லை வழங்குவது குற்றமன்று. வேறு வேறான மூன்று பொருள்களை அவ்வொரு சொல்லுக்குள் அடைத்துவிட்டதே குற்றம்.

முதலாவது, உண்மையான தார். நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் இட்டு வெப்பமேற்றினால், எரிவாயு ஒருபுறம் பிரியும். கற்கரி உலையில் எஞ்சும். நாற்றமுள்ள கரிய நெய்ப்பொருள் ஒன்றும் வடியும். அந்நெய்ப்பொருளே தார், நிலக்கரிக் கீல் என்று கூறலாம். மின்விளக்கு வருமுன் நகரங்களின் தெருவிளக்குகள் இவ்வெரிவாயுவினால் எரிந்தன. சிங்கப்பூரில் கல்லாங் என்னுமிடத்தே 1862-இல் அத்தகைய வாயு ஆலை ஒன்று தோன்றியது. வாயு ஆலை உள்ளவிடமெல்லாம் தாரும் உண்டு.

இரண்டாவது, பிட்டுமென் என்பது. இதனை நிலக்கீல் என்று தமிழில் கூறுவர். இது நிலக்கரியினின்று பிறப்பதன்று. மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது. பூமியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்குங்கால், பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியன ஒன்றன்பின் ஒன்றாய் ஆவியாகிப் பிரியும். எதற்கும் மேலெழாமல் அடியில் தங்கும் கனத்த கரும்பொருளே நிலக்கீல். இலேசான எண்ணெயில் இது சிறிதே கிடைக்கும். கனத்த எண்ணெயில் மிகுதியாகக் கிடைக்கும். சிற்சில நாடுகளில் இயற்கையாகவே மண்ணினின்று ஊறிவருதலும் உண்டு.

மூன்றாவது, அஸ்பால்ட் என்பது. இது தனிப்பொருளன்று, கலவை. உடைத்த கருங்கல், மணல், கல்மாவு ஆகியவற்றைச் சூடேற்றி, உருகிய நிலக்கீலை ஊற்றிப் பிசைந்தால் வருவது. நம் நாட்டுச் சாலைத் தொழிலாளர் இதனைப் 'பிரிமிக்ஸ்' என்பர். சாலையின் மேற்படைக்கு இடும் இக்கலவையில், எடையளவில் நூற்றுக்கு 4 முதல் 7 பங்கு வரையிலேயே நிலக்கீல் இருக்கும், எஞ்சியதெல்லாம் கல்லே.

நம் வீட்டுப் பொரியுருண்டையை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வெல்லப்பாகு வேறு, பொரியுருண்டை வேறு. பாகு இல்லையேல் பொரி ஒன்றோடொன்று ஒட்டாது. ஆயினும் உருண்டையைக் காட்டி 'இது பாகு' என்று கூறுவாரிலர். நிலக்கீல் பாகு, அஸ்பால்ட் உருண்டை. கருப்பஞ்சாற்றில் பாகு காய்ச்சுவது போலவே பனைநீரிலும் காய்ச்சலாம். பார்வைக்கு ஒத்திருப்பினும் பிறப்பு வேறு. தாருக்கும் நிலக்கீலுக்கும் உள்ள உறவு அத்தகையதே.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பாகு போன்ற பொருளையே அமெரிக்கர் அஸ்பால்ட் என்பர். ஆங்கிலேயர் அதனைப் பிட்டுமென் என்று கூறி, கலவைக்கே அஸ்பால்ட் என்னும் பெயரைத் தருவர். ஒரே சொல்லைக் கடலின் இருகரையார் இருபொருளில் வழங்குவதால், நூல் கற்பாரும் தடுமாறுவர். மலேசியாவின் சாலைத்துறை ஆங்கிலேயர் வழக்கையே பின்பற்றுகிறது.

பண்டை நாளில்

நிலக்கீலை மக்கள் அறிந்தது நேற்று இன்றன்று. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில், ஏறக்குறைய 4500 ஆண்டுகளுக்கு முன்னர்க் கட்டிய பெருங்குளத்தின் சுவரிடையே நீர் கசியாதபடி நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபிலோன் நகரத்தார் தம் ஊர்வலப் பெருந்தெருவில் சுட்ட செங்கற்களை நிலக்கீல் இட்டுப் பதித்தனர். மேலைக்கடலிலுள்ள டிரினிடாட் தீவில் நூறு ஏக்கர் பரப்புள்ள கீல் ஏரி ஒன்று உண்டு. 1595-இல் அங்குச் சென்ற வால்டர் ராலே என்னும் ஆங்கிலேயர் அக்கீலைக் கொண்டு தம் கப்பல்களின் துளைகளை அடைத்தார். அதே தீவுக்கு 1845 முதல் இந்தியக் கூலிகள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றுமதி செய்யப்பட்டனர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

அமெரிக்காவிலே பெல்ஜியம் நாட்டு வேதியறிஞர் டி ஸ்மெட் என்பார் 1870-இல் நியூவார்க் நகரில் அஸ்பால்ட் பாவிக் காட்டினார். 1876-இல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்கு டிரினிடாட்டுக் கீல் வந்தது. ஆகவே நிலக்கீல் தெருவுக்கு வந்து நெடுநாளாயிற்று. அங்ஙனமாகவும், மலாயாவில் நாம் கற்ற சொல் தாராக இருந்ததன் காரணம் யாது? அதற்கு இங்கிலாந்தின் புழுதியை நோக்குதல் வேண்டும்.

புழுதியும் தாரும்

1816-இல் பிரிஸ்டல் நகரத்துச் சாலைகளின் கண்காணிப்பை ஏற்ற மெக்காடம் என்பவர், சிறு சிறு துண்டுகளாக உடைத்த கல்லைப் படைபடையாகப் பரப்பி, நீர் வடியும்படி சாலை அமைக்கும் முறையை நிலைநாட்டினார். குதிரை வண்டியின் இரும்புச் சக்கரம் ஏற ஏறக் கற்கள் இறுகின, சாலை உறுதிப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்தது. விரைந்து ஓடும் ரப்பர்ச் சக்கரம் கல்லிடையே இருந்த பொடியை உறிஞ்சி எறிந்தது. சாலையோரத்து வீடுகளிலெல்லாம் புழுதி, சாலையிலெல்லாம் பள்ளம்.

டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவராகப் பணியாற்றி மீண்ட குக்லியெல்மினெட்டி என்னும் சுவிஸ் மருத்துவர், 1902-இல் மொனாக்கோ நகரில் சாலைமேல் சூடான தாரைப் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலே ஹூலி என்னும் அளவையாளர், டென்பி இரும்பாலையின் அருகே சாலையின் ஓரிடம் மட்டும் புழுதியின்றி வழவழப்பாக இருக்கக் கண்டு வினவினார். பீப்பாயிலிருந்து சிந்திய தாரின்மேல் உலைக்கசடு கொட்டப்பட்டதே காரணம் என்று அறிந்து, 1902-இல் தார்க்கல் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். டார்மாக் என்னும் பெயர் இவ்வாறு பிறந்தது. வாயு ஆலைகளில் தார் மலிந்து கிடந்தமையால் ஆங்கிலேயருக்கு அது கைக்கெட்டிய பொருளாயிற்று. அவர்தம் சொல்லும் முறையும் அவர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பரவின.

கெடாவில் நம்மவர்

சயாம் அரசின் மேலாண்மையிலிருந்த கெடா, 1909-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ரப்பரின் விலை வானளாவிய காலம் அது. காட்டை அழித்துத் தோட்டமிட்டனர். தோட்டத்து ரப்பரைத் துறைமுகம் சேர்க்கச் சாலை வேண்டியதாயிற்று. தோட்டத்துக்கு ஆள் கொணர்ந்தது போலவே சாலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொணர்ந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் மலாயாவில் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நின்றது. மலாயாவின் மராமத்து இலாகாவில் சாலை போட்ட கூலிகளுள் பெரும்பான்மையோர் தமிழர் என்பது வரலாற்றாசிரியர் யாவரும் ஒப்புக்கொண்ட செய்தி.

அவர் செய்த வேலை யாது? கல்லைச் சுமந்து பரப்புதல், பீப்பாயைத் திறந்து, விறகடுப்பின்மேல் வைத்த கொப்பரையில் கரும்பொருளை உருக்குதல், துளையிட்ட வாளியால் அதனைக் கல்லின்மேல் ஊற்றுதல், பொடிக்கல்லைத் தூவுதல், உருளை வண்டி வருமுன் விலகி நிற்றல். மேலே நண்பகல் வெயில். கீழே கொதிக்கும் கல். முகத்தின் எதிரே புகை. நிலக்கரிக் கீலாயினும் நிலக்கீலாயினும் பீப்பாய் ஒன்றுபோலவே இருக்கும். ஊற்றுவோனுக்கு இரண்டும் தாரே.

நம்மவர் மேடையேறினால் கடாரத்தைப் பற்றிப் பேசுவர். இராசேந்திர சோழனின் படை 1025-ஆம் ஆண்டளவில் இக்கெடா மண்ணில் வந்திறங்கியதைப் பாடுவர். நல்லது, பேசட்டும். ஆயினும் அரசன் வந்தான், வென்றான், சென்றான். பட்டர்வொர்த்துக்கும் கூலிமுக்கும் பாலிங்குக்கும் செல்லும் சாலைகள் உள்ள இம்மண்ணில் இருந்து உழைத்தவன் கூலித் தமிழன். முன்னவனுக்குக் கல்வெட்டு உண்டு. பின்னவனுக்குக் கல் மட்டுமே உண்டு. அவன் போட்ட கரிய சாலை தோட்டத்து வாயிலோடு நின்றது; அதற்கப்பால் லயத்து வீடுவரை செம்மண் பாதையே.

பெயர் மறைத்த நஞ்சு

இனி, பெயர் மயக்கத்தால் விளைந்த கேட்டைக் கூறுவோம். 1775-ஆம் ஆண்டிலேயே பெர்சிவல் பாட் என்னும் இலண்டன் மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் ஏழைச் சிறுவர்கள் வளர்ந்தபின் அவர்களுக்குத் தோலில் புற்றுநோய் காண்பதையும், நிலக்கரிப் புகைக்கரியே அதற்குக் காரணம் என்பதையும் எழுதினார். 1915-இல் ஜப்பானிய அறிஞர்களாகிய யமகிவா, இச்சிகாவா இருவரும் முயலின் காதில் நிலக்கரித் தாரை இடைவிடாது பூசிவந்து புற்றுநோய் உண்டாதலைக் காட்டினர். ஆக, மலாயாவில் தார்ச்சாலைகள் பரவத் தொடங்கிய காலத்திலேயே, தார் தோலுக்கு நஞ்சு என்பதை அறிவுலகம் அறிந்திருந்தது. ஆனால் கொப்பரையின் அருகில் நின்றவனுக்கு அதனை எந்தக் கங்காணி வந்து கூறுவான்? கள் குடியைக் கெடுக்கும் என்று 1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் முழங்கினர். அவர் முழக்கம் செவிகளில் ஏறியது. தார் தோலைக் கெடுக்கும் என்று முழங்குவதற்கோ ஒரு படை எழவில்லை.

தார் பின்னர் ஒழிந்ததே, அது தொழிலாளியின் மேல் எழுந்த இரக்கத்தாலோ எனின், அன்று. மோட்டார் வண்டி பெருகப் பெருகப் பெட்ரோல் காய்ச்சும் ஆலைகள் பெருகின. அவற்றின் அடியில் நிலக்கீல் மலிந்தது. இங்கிலாந்திலோ 1967-க்கும் 1977-க்கும் இடையில் வடகடலின் இயற்கை எரிவாயு வீடுதோறும் வந்துவிடவே, நிலக்கரி வாயு ஆலைகள் மூடப்பட்டன; தாரின் ஊற்றும் வற்றியது. மலிவான பொருள் வந்தது. அருகிய பொருள் போயிற்று. அதனாலே சில உயிர்கள் பிழைத்தன எனின், அது கணக்கப்பிள்ளையின் தயவன்றி முதலாளியின் தருமமன்று.

நிலக்கீலும் குற்றமற்றதன்று. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 2011-இல் கூடி ஆராய்ந்து, சாலை போடுவோர் நுகரும் நிலக்கீல் புகை புற்றுநோய்க்குக் காரணமாதல் கூடும் என்ற ஐயப்பட்டியலில் அதனைச் சேர்த்தனர். நிலக்கரித் தாரோ ஐயத்துக்கு இடமின்றி நஞ்சென்று தீர்ப்பளிக்கப்பட்ட பொருள். ஒன்று ஐயம், மற்றொன்று உறுதி. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவனுக்கு இவ்வேற்றுமை எவ்வாறு விளங்கும்? இரண்டையும் அஞ்சாது மண்ணெண்ணெயால் கைகழுவிவிட்டுச் சோறுண்ணப் போவான்.

இங்கே ஒரு செய்தியைத் தொழிலாளத் தோழர் மனத்திற் பதித்தல் நன்று. உருகிய நிலக்கீல் 150 பாகைக்கு மேற்பட்ட சூடுடையது. அது தோலிற் பட்டால் இழுத்துப் பிய்த்தலும் ஆகாது. எண்ணெயிட்டுத் துடைத்தலும் ஆகாது. தூய குளிர்ந்த நீரை நெடுநேரம் ஊற்றி ஆறவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். கொதிக்கும் நிலக்கீலில் நீர் கலந்தால் பொங்கி வழியும். ஆதலின் ஈரமுள்ள கலத்தில் அதனை ஊற்றலாகாது.

பாகும் உருண்டையும் செய்யும் தொழில்

நிலக்கீலுக்கும் அஸ்பால்ட்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் சொல்வேறுபாடன்று. சாலை நிற்பதும் வீழ்வதும் அதில் அடங்கியிருக்கிறது. சாலைக்கு வரும் நிலக்கீலை 25 பாகைச் சூட்டில் வைத்து, 100 கிராம் எடையேற்றிய ஊசியை அதன்மேல் ஐந்து விநாடி நிறுத்துவர். ஊசி 6 முதல் 7 மில்லிமீட்டர் வரை இறங்கினால் அதற்கு 60/70 என்று பெயர்; 8 முதல் 10 வரை இறங்கினால் 80/100 என்று பெயர். மலேசியாவில் முன்னர் இளகிய 80/100 மிகுதியும் வழங்கிற்று. கனத்த லாரிகள் பெருகியபின் கடினமான 60/70 மேலோங்கியது.

அந்தக் கடினமான வகையும் 50 பாகையளவில் இளகத் தொடங்கும். நம் நாட்டு நண்பகலிலோ சாலையின் முகம் 60 பாகையை எட்டுதல் உண்டு. அங்ஙனமாயின் கூலிம் பூங்காவுக்குச் சரக்கேற்றிவரும் லாரியின் கீழே சாலை கஞ்சிபோல் ஓடிவிட வேண்டுமன்றோ? ஓடவில்லை. ஏன்? சுமையைத் தாங்குவது நிலக்கீலன்று; ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்து நிற்கும் கற்களே தாங்குகின்றன. நிலக்கீல் அவற்றை விலகாமல் ஒட்டிவைக்கிறது. மழைநீர் உட்புகாமல் காக்கிறது. கல் நெருங்காமல் நிலக்கீலை மிகுதியாக ஊற்றினால் சாலை இளகிச் சக்கரத்தடம் விழும். நிலக்கீலைக் குறைத்தால் நீர் நுழைந்து கல் பெயரும். இதனை அறியாதார், பள்ளத்தில் கரும்பொருளை ஊற்றிவிட்டால் சாலை சீராகும் என்று எண்ணுவர். அடுத்த மழையில் அவ்வெண்ணம் கரையும்.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. நிலக்கீல் எண்ணெயினத்தது ஆதலால், டீசல் சிந்திய இடத்தில் இளகிக் கெடும். தாரோ டீசலுக்கு எளிதிற் கரையாது. பிறப்பு வேறென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாலும் கீலும்

இவ்வரலாற்றின் இறுதிப்பகுதி தோட்டத்தார்க்கு உரியது. நிலக்கீலில் ரப்பரைக் கலந்தால் அது வெயிலில் எளிதில் இளகாது. சுமை அமுக்கியபின் மீளும் தன்மையும் பெறும். மலேசியாவில் 1988-இல் ரப்பர்ப்பாலை நிலக்கீலிற் கலந்து சோதனை செய்தனர். 1993-இல் நெகிரி செம்பிலானில் ரெம்பாவ் - தம்பின் சாலையிலும் சோதனை நடந்தது. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் மலேசிய ரப்பர் வாரியத்தார், மரத்துக் கிண்ணத்திலேயே உறைந்து கட்டியாகும் பாலை நிலக்கீலோடு கலக்கும் முறையை வகுத்தனர். அரசாங்கமும் அதனைச் சாலைகளுக்குக் கையாளத் தொடங்கியது.

எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரத்தைச் சீவியவளும், நண்பகலில் கொப்பரையருகே நின்றவனும் ஒரே குடும்பத்தார். அவள் எடுத்த பாலும் அவன் ஊற்றிய கீலும் நூறாண்டு கழித்து ஒரே சாலையில் கலந்துவிட்டன. பால்மரங்கள் அருகிவிட்டன; தோட்டங்கள் பல துண்டாயின; மக்கள் நகரம் புகுந்தனர். அவர் உழைப்பு மட்டும் சாலையாய்க் கிடக்கிறது.

இன்று அச்சாலைகளைச் செப்பனிடுவோருள் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மிகப் பலர். நம் பாட்டன் நின்ற இடத்தில் அவர் நிற்கின்றனர். அவன் நுகர்ந்த புகைக்கு இனமான புகையையே அவரும் நுகர்கின்றனர். அவனைப் போலவே தம் முன்னே கொதிப்பது இன்னதென்று அறியாதார் அவருள்ளும் இருப்பர். 'வந்தேறிக் கூலி' என்று நம் பாட்டனை இகழ்ந்த வாயை நாம் வெறுத்தோம். அதே சொல்லை நம் வாயால் அவரை நோக்கிக் கூறுதல் தகுமோ? எஞ்சினீயராகவும் மேற்பார்வையாளராகவும் உயர்ந்திருக்கும் தமிழ் இளைஞர், அத்தொழிலாளருக்குக் கையுறையும் முகக்காப்பும் கிடைக்கச் செய்தலும், இது இன்ன பொருள், இதனால் இன்ன தீங்கு என்று அவர் அறியும் மொழியிற் கூறுதலும் கடமையாகும். அதுவே நம் பாட்டனுக்கு நாம் எழுப்பும் நடுகல்.

நாவிற் பழகிய 'தார் ரோடு' என்னும் சொல் ஒருநாளில் மாறிவிடாது, மாறவும் வேண்டா. ஆனால் அச்சொல்லை உரைக்குங்கால், அதனுள் நிலக்கரியின் நஞ்சும், கச்சா எண்ணெயின் அடிவண்டலும், மலையின் கல்லும், அவற்றை ஒன்றுகூட்டிய மனிதனின் கையும் தனித்தனியே உள்ளன என்பதை அறிந்து உரைப்போமாக.